பகல் பதினொரு மணிக்கு வந்தவர்

ஐயா, அல்லது அம்மா,
உங்கள் கடிதங்களின் அடியில் பெயர் இல்லை.
கணினி எழுதியது, கையொப்பம் தேவையில்லை
என்று மட்டும் இருக்கிறது.
ஆகவே யாருக்கோ எழுதுகிறேன்.

புக்கிட் பாத்தோக், ஏழாம் மாடி.
எனக்கு மேலே எட்டாம் மாடி.
நடுவில் ஒரு சாண் சிமெண்டு.
அந்த ஒரு சாணைப் பற்றித்தான்
பதினான்கு மாதத்தில் இருபத்து மூன்று புகார்.

மருத்துவமனையில் கத்தரிக்கோல் கழுவுகிறவள் நான்.
அறுவைக்குப் போய் வந்த கத்தி, இடுக்கி, கொக்கி
எல்லாவற்றையும் எண்ணி, கழுவி, ஆவியில் வைத்து
மறுபடி எண்ணுகிறவள்.
ஓர் ஊசி குறைந்தாலும்
எங்களில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.
அந்தப் புத்தியில்தான்
பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்தேன்:

இரவு 2.10. கட்டில் இழுபடுகிறது.
2.25. கோலியோ இரும்புக் குண்டோ, உருளுகிறது.
3.05. சிரிப்பு. ஒரே ஆளின் சிரிப்பு.
இன்னொரு நாள்
கழியில் காய்ந்த என் வெள்ளைச் சீருடை மேல்
கறுப்பு சோயா சாறு.
பக்கத்து வீட்டு மேடம் கோ முகர்ந்து பார்த்து
நல்ல பிராண்டு என்றார்.
சாட்சிக் கையெழுத்து கேட்டதும்
அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று உள்ளே போனார்.

உங்கள் அதிகாரி வந்தார்.
குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை,
காலணியை வாசலிலேயே கழற்றினார்.
வந்தது பகல் பதினொரு மணிக்கு.
கூடத்து நடுவில் நின்று
மேலே பார்த்தபடி ஐந்து நிமிடம் காது கொடுத்தார்.
சத்தம் எதுவும் இல்லை என்று எழுதினார்.
பொய் இல்லை.
பகல் பதினொரு மணிக்குத்
திருடனும் நல்லவன்தான்.

நகர மன்றம் போலீஸைக் காட்டியது.
போலீஸ் வீவகவைக் காட்டியது.
வீவக சமரச நிலையத்துக்கு அனுப்பியது.
அங்கே குளிரூட்டிய அறை, தண்ணீர் போத்தல் இரண்டு.
இரு தரப்பும் பேச வேண்டும் என்றார்கள்.
ஒரு தரப்பு நான்.
மறு தரப்பு ஒரு நாற்காலி.

ஒரே ஓர் இரவு, தாங்க முடியாமல்,
துடைப்பக் கட்டையால் மேலே மூன்று தட்டு தட்டினேன்.
மூன்றாம் நாளே வந்தது கடிதம்:
உங்கள் வீட்டிலிருந்து ஒலித் தொல்லை.
அன்றுதான் தெரிந்தது,
உங்களுக்கு வேகமும் வரும் என்று.

பிப்ரவரியில் எட்டாம் மாடி காலியானது.
லாரியில் ஏற்றும்போது பார்த்தேன்,
இரும்புக் கட்டில்தான்.
முன்னிருக்கையில் அவர்.
என்னைவிடச் சின்ன உருவம்.
இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.
வெயிலைப் பார்த்துச் சிரித்தார்.
எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்,
ஆளைத்தான் தெரியாது.

பிரச்சினை தீர்ந்ததால் கோப்பு மூடப்படுகிறது
என்று எழுதியிருக்கிறீர்கள்.
தீர்க்கவில்லை, ஐயா. வீடு மாறினார்.
எனக்கு இழப்பீடு வேண்டாம்.
அவர்மேல் வழக்கும் வேண்டாம்.
முறைப்படி ஒரு மறு ஆய்வு வேண்டும்.
இருபத்து மூன்று புகாரை யார் படித்தார்கள்,
எந்த மணிக்கு, எந்த மாடியில் நின்று?
என் உறக்கத்துக்காக இல்லாவிட்டாலும்,
இரவு மூன்று மணிக்குத் தனியாகச் சிரிக்கிற ஓர் ஆளை
ஏன் ஒரு தடவைகூட
யாரும் போய்ப் பார்க்கவில்லை?
நானும் போகவில்லை.
அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் நகல் இணைத்திருக்கிறேன், நாற்பத்தொரு பக்கம்.
பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ளது காப்பிக் கறை, பொறுக்கவும்.
நான் திரு. தவமணி அல்ல. திருமதியும் அல்ல.
வெறும் தவமணி போதும்.
மாலை நான்குக்குப் பிறகு அழைக்கலாம்.
இரவானாலும் பரவாயில்லை.
மேலே புதுக் குடித்தனம், சத்தமே இல்லை.
ஆனாலும் 2.10க்கு
விழித்துத்தான் இருக்கிறேன்.